இதயமும் ரத்த ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத்தின் படத்தை வரையச் சொன்னால் மாணவர்கள் தயங்காமல் வரைந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு, நடுவே அம்புக்குறிகள். அந்த அம்பு ஏன் அங்கே திரும்புகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். உயிரியல் கற்பிக்கும் எனக்கு, அந்த அமைதிக்குப் பிறகு எழும் கேள்விகள்தான் பிடிக்கும். மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் ‘கெட்ட ரத்தம்’ என்ற பேச்சையாவது கைவிட வேண்டும் என்பது என் ஆசை.

ரத்தம் போகும் வழியை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்கள்.

வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது. வசதிக்காக வலது மேலறையில் தொடங்குவோம். உடல் முழுவதும் சுற்றிவிட்டு வரும் ரத்தம் இரண்டு பெரிய குழாய்கள் வழியாக அங்கே வந்து விழுகிறது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வருவது மேற்பெருஞ்சிரை வழியாக. வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் வருவது கீழ்ப்பெருஞ்சிரை வழியாக. அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கும்போது நுரையீரல் தமனி வழியாக இரண்டு நுரையீரல்களுக்கும் போகிறது.

நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ரத்தம், நுரையீரல் சிரைகள் நான்கின் வழியாக இடது மேலறைக்குத் திரும்புகிறது. ஈரிதழ் வால்வைக் கடந்து இடது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து பெருந்தமனிக்குள் பாய்கிறது. பெருந்தமனி கிளைகளாகவும், கிளைகள் நுண்தமனிகளாகவும் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகின்றன. கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடப்பது அங்கேதான். பிறகு தந்துகிகள் ஒன்றுகூடி நுண்சிரைகளாகவும் சிரைகளாகவும் மாறி, மறுபடியும் வலது மேலறை.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்தச் சுற்று முழுவதற்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம்.

படத்தில் ‘வலது’ என்று எழுதியிருப்பது இடப்பக்கம் இருக்கிறதே, தவறா?

தவறில்லை. படத்தில் இருப்பவர் நமக்கு எதிரே நிற்கிறார். அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம்.

இதயம் நெஞ்சின் இடப்பக்கத்தில்தானே இருக்கிறது?

பெரும்பகுதி நடுவில்தான், மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கு இடையில் இருக்கிறது. அதன் கூர்முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த முனை மார்புச் சுவரை ஒட்டித் துடிப்பதால், துடிப்பை நாம் இடப்பக்கத்தில் உணர்கிறோம்.

ஒரே சுற்றில் ரத்தம் ஏன் இரண்டு முறை இதயத்துக்கு வர வேண்டும்? நுரையீரலிலிருந்து நேராக உடலுக்குப் போனால் என்ன?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகச் சிறந்தது இது. மீன்களுக்கு நீங்கள் சொல்வதுபோலத்தான் அமைந்திருக்கிறது. மீனின் இதயத்தில் ஒரு மேலறை, ஒரு கீழறை. அது ரத்தத்தைச் செவுள்களுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ரத்தம் நேராக உடலுக்குப் போகிறது. ஆனால் செவுளின் நுண்குழாய்களைக் கடக்கும்போதே அழுத்தத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் அழுத்தத்தில் மெதுவாகத்தான் ஓட முடியும்.

நம் உடலுக்கு அது போதாது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் உயர்ந்த அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தை நுரையீரலுக்குள் செலுத்தினாலோ, அங்குள்ள மெல்லிய தந்துகிச் சுவர் தாங்காது. நீர் கசிந்து காற்றறைகளில் நிரம்பிவிடும். ஆக, ஒரே உடலுக்கு இரண்டு வேறு அழுத்தங்கள் தேவைப்படுகின்றன. வலது கீழறை நுரையீரலுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தள்ளுகிறது. இடது கீழறை உடலுக்குச் சுமார் 120 மில்லிமீட்டர் அழுத்தத்தில் தள்ளுகிறது. நாம் ‘ஓர் இதயம்’ என்று சொல்வது, நடுச்சுவர் ஒன்றால் ஒட்டவைக்கப்பட்ட இரண்டு பம்புகள்.

அப்படியானால் இடப்பக்கம்தான் அதிக ரத்தத்தை வெளியேற்றுகிறதா?

இரண்டும் ஒரே அளவுதான். இதை நம்ப மறுப்பவர்களிடம் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒவ்வொரு துடிப்புக்கும் வலப்பக்கம் ஒரே ஒரு மில்லி லிட்டர் கூடுதலாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், பத்தே நிமிடத்தில் 700 மில்லி லிட்டர் ரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி நடக்காமல் காப்பது இதயத் தசையின் ஓர் இயல்பு: வரும் ரத்தத்தால் அது எவ்வளவு விரிகிறதோ, அதற்கேற்ற வலுவோடு சுருங்கும். வலப்பக்கம் சற்று அதிகமாக அனுப்பினால் இடப்பக்கம் சற்று அதிகமாக விரிந்து, அதையும் சேர்த்து வெளியேற்றிவிடும். இதை ஸ்டார்லிங் விதி என்கிறோம்.

அளவு ஒன்றுதான், உழைப்புதான் வேறு. ஆய்வகத்தில் ஆட்டின் இதயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வலது கீழறையின் சுவர் இரண்டு விரலுக்கு இடையில் மடங்கும். இடது கீழறையின் சுவர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமன். அழுத்தினால் விரலை எதிர்க்கும். உள்ளே வால்வின் இதழ்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கிச் சுவரின் தசைமேடுகளில் கட்டியிருக்கும். ஒரு நூலை இழுத்தால் இதழ் அசையும். கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் அந்த நூல்கள்தான் பிடித்துக்கொள்கின்றன. அந்த நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்த மாணவர் வால்வைப் பற்றிய பாடத்தை மறந்து நான் பார்த்ததில்லை.

வலப்பக்கம் கெட்ட ரத்தம், இடப்பக்கம் நல்ல ரத்தம் என்று படித்தோமே?

‘அசுத்த ரத்தம்’, ‘கெட்ட ரத்தம்’ என்ற சொற்களால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சிரையில் வரும் ரத்தத்தில் அழுக்கும் இல்லை, கெட்டுப்போனதும் இல்லை. ஓய்வில் இருக்கும்போது நுரையீரலிலிருந்து ஏற்றிக்கொண்டு போன ஆக்சிஜனில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, இதயத்துக்குத் திரும்பும்போதும் அதிலேயே இருக்கிறது. உடல் எடுத்துக்கொண்டது கால் பங்குதான். மீதம் அவசரத்துக்கான கையிருப்பு.

அந்த ரத்தம் வெறுங்கையோடும் வருவதில்லை. குடலில் செரித்த உணவின் சத்தில் பெரும்பகுதி முதலில் ஏறுவது சிரை ரத்தத்தில்தான். கல்லீரல் வழியாக அது இதயத்துக்கு வருகிறது. சுரப்பிகளின் ஹார்மோன்களும் சிரை வழியாகவே உடலின் பிற பகுதிகளுக்குப் பயணத்தைத் தொடங்குகின்றன. ‘ஆக்சிஜன் குறைந்த ரத்தம்’ என்று சொன்னால் போதும். கெட்ட ரத்தத்தை வெளியேற்றினால் உடல் தேறும் என்று நம்பிப் பல நூற்றாண்டுகள் நோயாளிகளின் சிரையைக் கீறி ரத்தம் வடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே தளர்ந்தவர்களை அது மேலும் தளர்த்தியது.

சிரை நீலமாகத் தெரிகிறதே, அதில் ஓடுவது நீல ரத்தமா?

கருஞ்சிவப்பு ரத்தம். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊசி குத்துவது சிரையில்தான்; குழாயில் ஏறும் நிறத்தைக் கவனியுங்கள். தோலுக்குள் ஒளி ஊடுருவிச் சிதறித் திரும்பும் விதத்தால்தான் சிரை நீலமாகத் தெரிகிறது.

தமனியில் எப்போதும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம்தான் ஓடுமா?

இல்லை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. அதனால் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும், நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தமும் ஓடுகின்றன. தேர்வில் அதிக மதிப்பெண்ணை இழக்கவைக்கும் இடம் இது.

‘லப்-டப்’ என்ற ஓசை எங்கிருந்து வருகிறது?

வால்வுகள் மூடும்போது எழும் அதிர்விலிருந்து. கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும் மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடிக்கொள்கின்றன, அது ‘லப்’. சுருக்கம் முடிந்ததும் பெருந்தமனியின் வாயிலும் நுரையீரல் தமனியின் வாயிலும் உள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொள்கின்றன, அது ‘டப்’. வால்வு சரியாக மூடாவிட்டாலோ, குறுகியிருந்தாலோ, இடையில் ஒரு ‘உஸ்’ ஓசை கேட்கும். பிரெஞ்சு மருத்துவர் லேனக் 1816-இல் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம்.

இதயத்துக்குத் துடிக்கச் சொல்லிக் கட்டளையிடுவது மூளையா?

கட்டளை இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு திசுத்தொகுப்பு தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. அது மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கவைக்கிறது. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள இன்னொரு தொகுப்பில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. அந்தச் சிறு தாமதம் இல்லாவிட்டால், மேலறை ரத்தத்தை இறக்கி முடிப்பதற்குள் கீழறை சுருங்கிவிடும்.

மூளை வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்கிறது. மாற்று இதயம் பொருத்தும்போது பழைய நரம்புத் தொடர்புகள் அறுந்துவிடுகின்றன. ஆனாலும் அந்த இதயம் புதிய உடலில் துடிக்கிறது. 

இதயம் பிறந்ததிலிருந்து ஓய்வே எடுப்பதில்லை என்கிறார்களே?

ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 விநாடி ஆகிறது. அதில் கீழறைகள் சுருங்கியிருப்பது 0.3 விநாடி, தளர்ந்திருப்பது 0.5 விநாடி. ஆக, பாதிக்கும் மேற்பட்ட நேரம் அவை தளர்ந்துதான் இருக்கின்றன. அந்த ஓய்வில்தான் அவை நிரம்புகின்றன. இடது கீழறையின் தசைக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். சுருங்கும்போது தசை தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது அல்லவா?

இதயத்துக்குள்ளேயே அவ்வளவு ரத்தம் இருக்கும்போது அதற்குத் தனிக் குழாய் எதற்கு?

உள்ளே நிற்கும் ரத்தத்திலிருந்து அந்தத் தடித்த சுவரின் ஆழம்வரை ஆக்சிஜன் ஊறிச் சேராது. அதனால் பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு கிளைகள் பிரிந்து இதயத்தின் மேற்பரப்பில் படர்கின்றன. இவை இதயத் தமனிகள். கரோனரி தமனிகள் என்றும் சொல்வார்கள். உடலின் மற்றப் பகுதிகள் ஆக்சிஜனில் கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன என்று மேலே சொன்னேன். இதயத் தசையோ ஓய்வில்கூட முக்கால் பங்கு அளவுக்கு எடுத்துவிடுகிறது. கையிருப்பு குறைவு, கூடுதலாக வேண்டுமென்றால் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தக் குழாய் அடைபடுவது அவ்வளவு ஆபத்தானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அடைப்பால் தசை சாகத் தொடங்குவது மாரடைப்பு. இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். முன்னது பின்னதில் போய் முடியலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ரத்த அழுத்தம் 120/80 என்பதில் 80 எங்கிருந்து வருகிறது? இதயம் தளரும்போது அழுத்தம் பூஜ்யமாக வேண்டுமே?

இடது கீழறைக்குள் ஏறக்குறைய பூஜ்யம் ஆகத்தான் செய்கிறது. தமனியில் ஆவதில்லை. பெருந்தமனியின் சுவர் ரப்பர் போல நெகிழக்கூடியது. ரத்தம் பாயும்போது அது விரிகிறது. இதயம் தளரும்போது பழைய நிலைக்குச் சுருங்கி, தேக்கி வைத்த ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. பின்னால் போகாமல் வால்வு தடுக்கிறது. இதயம் விட்டுவிட்டுத் தள்ளினாலும் தந்துகிகளில் ரத்தம் விடாமல் ஓடுவது இதனால்தான். வயதாகும்போது இந்தச் சுவர் விறைத்துப்போகிறது. மேல் எண் ஏறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே, இதயத்திலிருந்து புறப்பட்ட ரத்தம் அப்போது அங்கே வந்துசேர்கிறதா?

வந்துசேர்வது அழுத்தத்தின் அலை. ஒவ்வொரு துடிப்பும் தமனிச் சுவரில் எழுப்பும் அலை விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ரத்தமோ பெருந்தமனியில்கூட விநாடிக்கு மீட்டருக்கும் குறைவாகவே சராசரியாக நகர்கிறது. நீங்கள் தொட்டுணரும் துடிப்பை உண்டாக்கிய ரத்தம் இன்னும் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது.

தந்துகி அவ்வளவு குறுகலானது என்றால் அங்கே ரத்தம் சீறிப் பாய வேண்டுமே?

ஒரு தந்துகியை மட்டும் எண்ணிப் பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. தந்துகிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் பெருந்தமனியின் பரப்பைப்போலப் பல நூறு மடங்கு வரும். ஆறு அகன்ற இடத்தில் நிதானமாக ஓடுவதுபோல ரத்தம் அங்கே விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ நகர்கிறது. சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பல தந்துகிகள் அதைவிடவும் குறுகியவை. அணுக்கள் உடலை வளைத்து மடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. இந்த நிதானம்தான் ஆக்சிஜன் இறங்குவதற்கும் கழிவு ஏறுவதற்கும் நேரம் தருகிறது.

பாதத்திலிருந்து ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, நடுவே ஓடும் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் மேல்நோக்கி மட்டுமே திறக்கும். பிழியப்பட்ட ரத்தம் ஏறுவதைத் தவிர வேறு எங்கும் போக முடியாது. மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைவதும் ரத்தத்தை இதயத்தை நோக்கி ஈர்க்கிறது. அசையாமல் நெடுநேரம் நிற்பவர்கள் மயங்கி விழுவது, இந்தக் கெண்டைக்கால் பம்பு வேலை செய்யாமல் ரத்தம் கால்களில் தேங்குவதால்தான். விழுந்ததும் உடல் கிடைநிலைக்கு வருகிறது, மூளைக்கு ரத்தம் திரும்புகிறது. அவரைத் தூக்கி உட்காரவைக்க அவசரப்படாதீர்கள். படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள்.

வால்வை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்து நிற்கும் ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் சிரையை முழங்கையை நோக்கி வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். வழித்த இடம் ஒரு வால்வைத் தாண்டியிருந்தால், அதற்குக் கீழே சிரை தட்டையாகவே கிடக்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. முதல் விரலை எடுத்த கணத்தில் கீழிருந்து நிரம்பிப் புடைக்கும்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் யார்?

மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்து காட்டியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவிய அவரது நூல் 1628-இல் வெளிவந்தது. அதற்கு முன் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கோலோச்சியது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்து. உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதை உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன, இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் இடப்பக்கம் கசிகிறது என்றார் அவர். நடுச்சுவரில் துளை எதுவும் இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வர வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ்.

ஹார்வியின் வலுவான ஆயுதம் எளிய பெருக்கல். இன்றைய எண்களில் போட்டுப் பார்ப்போம். ஒரு துடிப்புக்கு 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஒரு மணி நேரத்துக்கு 294 லிட்டர். உடலில் இருப்பதோ சுமார் 5 லிட்டர். மணிக்கு 294 லிட்டர் ரத்தத்தை எந்தக் கல்லீரல் உண்டாக்கும்? போனதுதான் திரும்பி வருகிறது. ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு எப்படிக் கடக்கிறது என்பதை ஹார்வியால் பார்க்க முடியவில்லை. அவர் 1657-இல் இறந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியின் மால்பீஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, தந்துகிகளைக் கண்டதாக அறிவித்தார்.

கருப்பையில் இருக்கும் குழந்தை மூச்சுவிடுவதில்லையே, அதன் ரத்தம் எப்படி ஓடுகிறது?

ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை; மெல்லிய திசுவின் ஊடாகப் பரிமாற்றம் நடக்கிறது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை என்பதால் இரண்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. ஒன்று, மேலறைகளுக்கு இடையில் கதவு போன்ற மடிப்போடு கூடிய திறப்பு. மற்றொன்று, நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் குழாய்.

பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, அதன் குழாய்கள் திறக்கின்றன, ரத்தம் அங்கே பாய்ந்து இடது மேலறைக்குத் திரும்புகிறது. அங்கே அழுத்தம் ஏறியதும் அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. இணைப்புக் குழாயும் ஓரிரு நாளில் சுருங்கி மூடிக்கொள்கிறது. அந்த முதல் அழுகையின்போது உள்ளே நடக்கும் இந்த மாற்றத்தை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் விளக்குகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எனக்குச் சிலிர்க்கிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுமையாக ஒட்டாமலே இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை எதுவும் வருவதில்லை.

ஓடும்போது என்ன மாறுகிறது?

ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டராக இருக்கும் ரத்த ஓட்டம், கடும் உழைப்பில் 20 லிட்டரையும் தாண்டும். ஓய்வில் தசைகளுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு. கடும் உழைப்பின்போது பெரும்பங்கு தசைகளுக்கே போகும், குடலுக்குப் போவது குறையும். மூளைக்குப் போகும் அளவை மட்டும் உடல் விட்டுக்கொடுப்பதில்லை.

இதயம் நின்றுவிட்டவரின் நெஞ்சை அழுத்தினால் ரத்தம் ஓடுமா?

ஓடும். இதுவரை படித்தவை எல்லாம் கைக்கு உதவும் இடம் இது. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் அழுத்தும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்திலிருந்தும் பெரிய குழாய்களிலிருந்தும் ரத்தம் வெளியேறுகிறது. கையைத் தளர்த்தும்போது சிரைகளிலிருந்து ரத்தம் வந்து நிரம்புகிறது. திசையைக் காப்பது வால்வுகள். அவை இயங்க மின்சாரமோ தசையோ வேண்டாம், அழுத்த வேறுபாடு போதும். அதனால் இதயம் நின்றபின்னும் அவை தங்கள் வேலையைச் செய்கின்றன.

முதலில் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலெழ விட வேண்டும். இதயம் நிரம்புவது அப்போதுதான். இடையில் நிறுத்தினால் பெருந்தமனியில் சேர்த்துவைத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அதை மீண்டும் ஏற்றப் பல அழுத்தங்கள் தேவைப்படும்; அதுவரை இதயத் தமனிகளுக்கும் மூளைக்கும் போதிய ரத்தம் போகாது. கை சோர்ந்தால் அருகில் இருப்பவரிடம் மாற்றிக்கொடுங்கள், இடைவெளி விழாமல்.